திருடு போகாத கறி

"வாஷிங்டன், குனி" என்றார் நிபியா.

குனிந்தேன். நாலாம் நம்பர் உறைபனி அறையில் குனிவதென்றால் முதலில் முழங்காலிடம் அனுமதி கேட்க வேண்டும். மைனஸ் இருபது டிகிரி. மூச்சு விட்டால் அது மீசையிலேயே தங்கிவிடுகிறது.

"என்ன தெரியுது?"

"தரை தெரியுது மேடம். என் விரல் இருக்கற மாதிரி தெரியலை."

"நல்லாப் பாரு."

கடைசி வரிசைப் பெட்டிகளுக்குப் பின்னால் சுவரை ஒட்டி ஒரு முழ இடைவெளி. அங்கே தரை முழுக்க வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. அந்த வெள்ளையில் ஒரு வட்டம். பனி லேசாக உருகி, மறுபடி உறைந்து, கண்ணாடி போலப் பளபளத்தது. உள்ளங்கையால் மூடிவிடலாம், அவ்வளவுதான் அகலம். ஒரு பக்கத்தில் மட்டும் கோடு விட்டுப்போயிருந்தது, நகம் அகலத்துக்கு.

அதன் பக்கத்தில் பச்சையாக நாலைந்து தூள். நிபியா கையுறையைக் கழற்றி, விரல் நுனியில் ஒற்றி எடுத்து என் மூக்கருகே நீட்டினார். அந்த வாசனையை உருகுவேயில் கைக்குழந்தைகூடச் சொல்லிவிடும். மாத்தே இலைத்தூள். பிளாஸ்க் வெந்நீரை ஊற்றி ஊற்றி நாடே நாள் முழுக்க உறிஞ்சிக் குடிக்கிற கசப்புப் பானம் அது.

"பிளாஸ்க்" என்றேன்.

"பிளாஸ்க்" என்றார் அவர்.

என் பெயர் வாஷிங்டன் பிந்தோஸ். சிரிக்க வேண்டாம். எங்கள் நாட்டில் வாஷிங்டன்களுக்குப் பஞ்சமே இல்லை. எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேர், அதில் ஒருவர் குழாய் ரிப்பேர்காரர், மூவரிலும் அவருக்குத்தான் மரியாதை. நான் தலைநகர் மோந்தேவிதேயோவில் துப்பறியும் நிபியா எச்செவெரியின் உதவியாளன். கார் ஓட்டுவது, கதவைத் தட்டுவது, வாய்க்கு வந்ததைச் சொல்வது என் வேலை. யோசிப்பது அவர் வேலை.

ஒரு விதத்தில் அந்த அறை எனக்குப் பொருத்தமான இடம். போன மார்ச்சில் என் மனைவி சுலேமா மகளைக் கூட்டிக்கொண்டு ஸ்பெயினின் வலென்சியாவுக்கு விமானம் ஏறினாள். அன்றிலிருந்து எனக்குள்ளும் ஏறக்குறைய அதே டிகிரிதான். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. ஜோக் மட்டும் வருகிறது, பழக்கதோஷம்.

விவகாரம் இதுதான். பாஸோ ஒந்தோ என்ற இந்த ஊரில் இருப்பது ஒரே ஒரு தொழிற்சாலை, பெருத்தியின் இறைச்சித் தொழிற்சாலை. ஊரில் பாதிப் பேர் அங்கே வேலை பார்க்கிறார்கள். மீதிப் பேர் அந்தப் பாதிப் பேருக்கு ரொட்டி விற்கிறார்கள், முடி வெட்டுகிறார்கள். புல் மட்டும் மேய்ந்த மாட்டின் கறி இங்கிருந்து பெட்டி பெட்டியாகக் கடல் தாண்டிப் போகிறது. பெரிய வாடிக்கை ஒரு ஜெர்மன் கம்பெனி, அதற்காக ஹம்பர்க்கிலிருந்து வாங்க வருகிறவர் டெட்லெஃப் ஹார்ம்ஸ். வருஷத்துக்கு நாலு தடவை வருவார், ஒவ்வொரு தடவையும் இரண்டு வாரம் தங்குவார், கப்பலேறும் முன் சரக்கைத் தானே பார்ப்பார். பதினோரு வருஷமாக இந்த வழக்கம்.

நேற்றுக் காலை அவர் எல்லோர் முன்னிலையிலும் இதே அறையில் ஒரு பெட்டியைத் திறக்கச் சொன்னார். மூடியில் ஒட்டியிருந்த சீட்டில் 'லோமோ' என்றிருந்தது. மாட்டிலேயே மிருதுவான கறி, விலையில் ராஜா. பெட்டிக்குள் இருந்ததோ கிழட்டு மாட்டின் கழுத்துக்கறி. முதலாளி அன்செல்மோ பெருத்தியின் முகத்தில் ஈயாடவில்லை. உள்ளூர் ஆள் விசாரித்தால் ஹம்பர்க் நம்பாது என்று எங்களைக் கூப்பிட்டார்.

ஊர் அதற்குள் தீர்ப்பே எழுதிவிட்டது. நாலாம் அறையின் காவலர் எபெர் காப்ரெரா. லோமோவை வீட்டுக்குக் கடத்திவிட்டு, கழுத்துக்கறியைத் திணித்து வைத்தவர் அவர்தான் என்று ரொட்டிக்கடையில் பேச்சு. நாங்கள் வரும் வழியில் ரொட்டி வாங்க நிறுத்தியபோது, கேட்காமலே சொன்னார்கள். மாலைக்குள் வேறு பெயர் கிடைக்காவிட்டால் போலீஸுக்குப் போகும் பெயரும் அதுதான்.

அந்த எபெர் இப்போது கதவருகில் நின்றிருந்தார். அறுபதை நெருங்குகிற வயது, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் சாவி. முகத்தில் ஒன்றுமே இல்லை. தன்னைப் பற்றி ஊர் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, ஒரு கட்டத்துக்கு மேல் உறைத்திருக்காது.

"எபெர், இந்த அறைக்குள்ள யாராவது மாத்தே கொண்டு வருவாங்களா?" நிபியா கேட்டார்.

"உள்ளயா? நல்லாக் கேட்டீங்க மேடம். கொண்டு வந்தா அன்னிக்கே சீட்டைக் கிழிச்சிடுவாங்க. உடை மாத்தற ரூம்ல அலமாரி இருக்கு, பிளாஸ்க் எல்லாம் அங்கேயே வெச்சிடணும். அதுக்கப்புறம் பூட்ஸ் கழுவற இடம், அங்க ஒரு இன்ஸ்பெக்டர் நிப்பார். வெளிநாட்டு வாடிக்கைக்காரங்க போட்ட சட்டம்."

"தொழிலாளிங்க வேற வழியில வர முடியுமா?"

"எங்களுக்கு அது ஒண்ணுதான் வழி. ஆபீஸ் பக்கம் கண்ணாடிக் கதவு ஒண்ணு இருக்கு. அது முதலாளிக்கும் விருந்தாளிங்களுக்கும்."

"பெட்டி திறக்கறதுக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை மத்தியானம் இங்க யார் இருந்தா?"

"எல்லாரும் சாப்பாட்டு ஹால்ல இருந்தாங்க. நான் மட்டும் கேட்டுக்குப் போனேன். என் பொண்டாட்டி சாப்பாடு கொண்டு வந்திருந்தா. மழை, ரெண்டு வார்த்தை பேசிட்டு நின்னேன். பகல்ல இந்தக் கதவைப் பூட்டறதில்லை." கொஞ்சம் நிறுத்தினார். "நான் இல்லாத நேரம்னு சொன்னா, 'வேற என்ன சொல்லுவே'ங்கறாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க அண்ணே?" என்றேன்.

"நான் சொல்றதை நிறுத்திட்டேன் தம்பி."

நிபியா வட்டத்தின் மேல் ஓர் அட்டையை வைத்து அளவாக வெட்டச் சொன்னார். கோடு விட்டுப்போன இடத்தையும் குறித்துக்கொண்டேன். என் விரல்கள் கத்தரிக்கோலைப் பிடித்திருக்கின்றன என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது.

"இப்ப சொல்லு, லோமோ எங்க போச்சு?" என்றார் அவர்.

"திருடன் வீட்டு அடுப்புக்கு."

"இருபது கிலோவுக்கு மேல, பாறாங்கல் மாதிரி உறைஞ்ச கறி. பட்டப்பகல்ல. ஒரு கையில பிளாஸ்க். எந்த வழியா தூக்கிட்டுப் போனான்?"

"நம்ம ஆளுங்க பிளாஸ்க்கை அக்குள்ல இடுக்கிட்டே பைக் ஓட்டுவாங்க, குழந்தைக்குக் கால் கழுவி விடுவாங்க மேடம். இதென்ன பிரமாதம்?"

"அப்புறம் ஏன் கீழே வெச்சான்?"

எங்கள் ஊர்க்காரன் பிளாஸ்க்கைக் கீழே வைக்கிறான் என்றால் அவனுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது என்று அர்த்தம். வட்டத்துக்கு நேர் எதிரே சீனாவுக்குப் போக வேண்டிய கழுத்துக்கறிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. நிபியா அவற்றைக் காட்டி, "மேலேயிருந்து ஒவ்வொண்ணாத் திறங்க எபெர்" என்றார்.

முதல் பெட்டியில் கழுத்து. இரண்டாவதிலும் கழுத்து. மூன்றாவதன் மூடியில் 'கழுத்து' என்றிருந்தது. உள்ளே வரிசையாக, நீளநீளமாக, அழகாக, லோமோ.

எபெர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் விசிலடிக்கப் பார்த்தேன், உதடு ஒத்துழைக்கவில்லை.

"மூடியைத்தான் மாத்தியிருக்காங்க" என்றார் நிபியா. "சீட்டு மூடியிலதானே இருக்கு? இந்த மூடி அங்க, அந்த மூடி இங்க, அப்புறம் பெட்டிங்களை இடம் மாத்தி அடுக்கிட்டாங்க. ஒரு துண்டு கறிகூட அறையை விட்டு வெளியே போகலை. திருட்டே நடக்கலை வாஷிங்டன்."

"திருடாத திருடனா? பாவம், தொழில் தெரியாதவன்."

"நல்லாத் தெரிஞ்சவன். பெட்டியைத் திறக்கற அந்த ஒரு நிமிஷத்துக்காகச் செஞ்சது இது. இதால லாபம் யாருக்கு?"

திறந்தவருக்கு. அறை நிறையப் பெட்டிகள் இருக்க, கடைசி வரிசையில் அந்த ஒன்றைக் கை நீட்டிக் காட்டியவருக்கு. சரக்கு மட்டம் என்று நிரூபித்துவிட்டால் விலையை எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கலாம். ஆனால் அந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது.

"ஹார்ம்ஸ் ஜெர்மன்காரர் மேடம். அவர் பிளாஸ்க் தூக்கிட்டுத் திரியற ஆள் இல்லை. மாத்தேயைக் கண்டாலே மூக்கைச் சுளிப்பாராம். திறந்தவருக்குப் பிளாஸ்க் இல்லை, பிளாஸ்க் இருக்கறவனுக்கு லாபம் இல்லை."

"ஆமா" என்றார் நிபியா. "அதான் இடிக்குது."

உடை மாற்றும் அறையின் அலமாரிக்கு என்னை அனுப்பினார். அங்கே பிளாஸ்க்குகள் ஒரு பட்டாளமாக நின்றன. ஒவ்வொன்றையும் தலைகீழாகத் திருப்பி அட்டையை வைத்துப் பார்த்தேன். இந்த நாட்டில் அடி நெளியாத பிளாஸ்க்கும் இல்லை, அடி படாத குடும்பமும் இல்லை. ஆனால் அந்த அளவில், அந்த இடத்தில் நெளிந்தது ஒன்றுகூட இல்லை. எபெருடைய பழைய பிளாஸ்க் அட்டையைவிட இரண்டு விரல் அகலமாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வர வேண்டிய இடம் இது என்று குறித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அன்செல்மோ பெருத்தியின் அறை மாடியில். சுவரில் பரிசு வாங்கிய மாடுகளின் படங்கள், ஜன்னலில் மழை. முதலாளி சட்டைக் காலரைத் தளர்த்திவிட்டிருந்தார். எதிரே ஹார்ம்ஸ். உயரமான மனிதர், நரைத்த புருவம், விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் வெள்ளைக் கோட்டை இன்னும் கழற்றவில்லை. ஸ்பானிஷ் சுத்தமாகப் பேசினார், கொஞ்சம் அதிகச் சுத்தமாக.

"அடையாளம் ஏதோ கிடைச்சதாமே?" என்றார். "பனியில பிளாஸ்க் வெச்ச தடமாம். அன்செல்மோ சொன்னார். மன்னிக்கணும், எனக்குச் சிரிப்புதான் வந்தது. திருடப் போற இடத்துக்கும் வெந்நீர் பாட்டிலைத் தூக்கிட்டுப் போற ஜனங்க உலகத்துலேயே நீங்க மட்டும்தான்."

"உண்மைதான்" என்றார் நிபியா. "எங்க ஆள் தவிர வேற யாரும் பண்ண மாட்டாங்க."

"அப்ப என் பேர் லிஸ்ட்ல இல்லை."

"நாங்க லிஸ்ட் போடறதில்லை" என்றேன். "போட்டாலும் மேடம் தொலைச்சிடுவாங்க."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் பழகிவிட்டது.

நிபியா எபெரையும் மேலே வரச் சொல்லியிருந்தார். அவர் கதவோரம் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். முதலாளி அவர் பக்கம் திரும்பவே இல்லை. நாற்பது வருஷமாகத் தெரிந்தவர்கள். எபெரின் கல்யாணத்துக்கு ஒரு கன்றுக்குட்டியை அனுப்பி வைத்தவர் இந்த அன்செல்மோதான்.

"பேசறதுக்கு முன்னாடி ஒரு சுத்து குடிப்போமே" என்று நிபியா முதலாளியின் மேஜையிலிருந்த மாத்தே குடுவையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இலைத்தூளைச் சரித்துக் கொட்டி, உலோக உறிஞ்சியைச் செருகி, வெந்நீர் ஊற்றினார். முதல் கசப்பை ஊற்றுகிறவர்தான் குடிக்க வேண்டும். குடித்தார். அடுத்து முதலாளி. அடுத்து நான். "எபெர், உக்காருங்க, உங்க முறை" என்றார். எபெர் உட்காரவில்லை, ஆனால் வாங்கிக் குடித்தார்.

"எனக்கு வேண்டாம்" என்று ஹார்ம்ஸ் முன்கூட்டியே கையை உயர்த்தினார். "அந்தப் புல்தண்ணி."

"தெரியும் சார். நீங்க சொல்லுங்க, ஹம்பர்க்ல என்ன சொல்றாங்க?"

ஹார்ம்ஸ் சொல்ல ஆரம்பித்தார். ஆரம்பத்தில் மரியாதையாகத்தான் இருந்தது. நிபியா குறுக்கே குறுக்கே கேட்டுக்கொண்டே ஊற்றினார். எல்லாம் கொஞ்சம் அசட்டுக் கேள்விகள். உங்கள் ஊரில் கழுத்துக்கறியை யாரும் சாப்பிட மாட்டார்களா? ஒரே ஒரு பெட்டிக்கா இவ்வளவு? ஒருவேளை உங்கள் ஆட்களுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதோ? குடுவை முதலாளியிடம் போய் வந்தது, என்னிடம் வந்து போனது, எபெரிடம் போய்த் திரும்பியது. ஹார்ம்ஸுக்குக் குரல் ஏறிக்கொண்டே போனது.

"வித்தியாசம் தெரியாதா? மேடம், எங்க கடைக்கு வர்றவன் தட்டுல கத்தி வெச்ச உடனேயே சொல்லிடுவான்! இந்தப் பேரை நான் பதினோரு வருஷம் கட்டிக் காப்பாத்தினேன். உருகுவே கறின்னா கண்ணை மூடிட்டு வாங்கலாம்னு நான்தான் சொன்னேன், என் வாயால சொன்னேன், இப்ப அவங்க என்னைக் கேக்கறாங்க..."

நிபியா ஜன்னலைப் பார்த்தபடியே குடுவையை அவர் பக்கம் நீட்டினார்.

ஹார்ம்ஸின் கை வந்து வாங்கிக்கொண்டது. உறிஞ்சியைத் தொடவில்லை, அசைக்கவில்லை. வாயில் வைத்து, ஊதாமல், அவசரப்படாமல் இழுத்தார். அடித்தண்ணீர் கொரகொரவென்று சத்தம் போடும் வரை இழுத்தார். குடுவையைக் கையிலேயே ஒரு திருப்புத் திருப்பி, உறிஞ்சி நிபியாவைப் பார்க்கும்படி நீட்டிக் கொடுத்துவிட்டு, "...என்னைக் கேக்கறாங்க, நீ அங்க என்னதான் பண்றேன்னு" என்று வாக்கியத்தை முடித்தார்.

நிபியா குடுவையை வாங்கி மேஜையில் வைத்தார்.

எங்கள் நாட்டுக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் மாத்தே குடிப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உறிஞ்சியைக் கரண்டி மாதிரி சுற்றுவார்கள். நாக்கைச் சுட்டுக்கொள்வார்கள். பாதியில் திருப்பிக் கொடுத்துவிட்டு, 'இனி வேண்டாம்' என்று அர்த்தம் என்பது தெரியாமல் நன்றி வேறு சொல்வார்கள். இவர் குடித்தது என் அப்பா குடித்த மாதிரி இருந்தது.

முதலாளிக்குப் புரிந்துவிட்டது. கடைசியாகப் புரிந்தது ஹார்ம்ஸுக்குத்தான். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அது வேறு யாருடைய கையோ என்பது போல.

"கார் சாவி குடுங்க சார்" என்றார் நிபியா மெதுவாக. "வாஷிங்டன் நனைஞ்சா பரவாயில்லை, அவனுக்கு ஒண்ணும் ஆகாது."

பிளாஸ்க் காரின் பின் சீட்டுக்கடியில் ஒரு துண்டில் சுற்றி வைத்திருந்தது. பச்சை நிறம், பல வருஷம் உழைத்தது. அட்டையை அடியில் வைத்தேன். நெளிவு சொல்லி வைத்த மாதிரி குறியில் வந்து உட்கார்ந்தது.

நான் அதை மேஜையில் வைத்தபோது ஹார்ம்ஸ் மறுக்கவில்லை.

"ஆத்தங்கரையில நடந்துட்டு அப்படியே வந்தேன்" என்றார். "மத்தியானம் இங்க ஒரு ஈ காக்கா இருக்காது, தெரியும். கண்ணாடிக் கதவு வழியா வந்தேன். பிளாஸ்க் கையில இருந்ததே எனக்கு ஞாபகம் இல்லை."

"இருக்காது" என்றார் நிபியா. "எங்க யாருக்குமே ஞாபகம் இருக்காது."

"ஓட்டல் ரூம்ல ராத்திரி ராத்திரியா தனியாக் கத்துக்கிட்டேன். வீட்ல என் மனைவிக்கு இந்த வாசனையே ஆகாது. வெளியில சொன்னா நீங்க என்னை உங்க ஆளுன்னு நினைச்சிடுவீங்க. உங்க ஆளா இருந்துட்டு விலை பேச முடியுமா?" அன்செல்மோவைப் பார்த்தார். "விலை இறங்கலைன்னா என்னை வேலையை விட்டு எடுத்துடுவோம்னு ஹம்பர்க்ல சொல்லிட்டாங்க, அன்செல்மோ. எனக்கு அறுபத்திரண்டு வயசு."

எபெர் கதவோரம் அப்படியே நின்றிருந்தார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

முதலாளி எங்கள் மூவரையும் வராந்தாவில் நிற்கச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தினார். வெகுநேரம் பேசினார்கள். வெளியே வந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

"பேசி முடிச்சாச்சு" என்றார். "பழைய விலையே. ரெண்டு வருஷத்துக்குப் புது ஒப்பந்தம். போலீஸ் கிடையாது. லாரி சாயந்தரம் கிளம்புது."

"எபெர்?" என்றார் நிபியா.

அன்செல்மோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெட்டி மாறின விஷயம் ஹம்பர்க் வரைக்கும் போயிடுச்சு. அவங்களுக்கு ஒரு காரணம் சொல்லணும். அவங்க ஆள்தான் பண்ணினாருன்னு நான் சொன்னா அடுத்த கப்பலே கிடையாது. இங்க பாரு எபெர், வேலையில கவனக்குறைவுன்னுதான் சொல்லப்போறோம். நீ இன்னியோட நின்னுக்கோ. பென்ஷன் முழுசா வரும், அதுக்கு நான் பொறுப்பு. நானூறு குடும்பம்பா இந்த ஊர்ல. உனக்கே தெரியும்."

இப்படி ஒரு பூசிமெழுகலை இதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன். சொல்ல ஒரு ஜோக் தேடினேன். ஒன்றுமே கிடைக்கவில்லை.

எபெர் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் பனியில் கிடந்த விரல்கள். நுனியில் உணர்ச்சியே இல்லை என்று காலையில்தான் என்னிடம் சொல்லியிருந்தார்.

"சரிங்க" என்றார்.

"நல்லதுப்பா."

"ஒண்ணே ஒண்ணு. நீங்க என் வீட்டுக்கு வரணும். என் பொண்டாட்டி மிர்த்தாகிட்ட நான் எடுக்கலைன்னு உங்க வாயால சொல்லணும்."

"போன் பண்றேன். இப்பவே பண்றேன்."

"போன்ல வேண்டாம். வந்து சொல்லுங்க."

அன்செல்மோ கடிகாரத்தைப் பார்த்தார். "லாரி ஏத்தணும் எபெர். நாளைக்கு..."

எபெர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். படியிறங்கிப் போனார். நாங்கள் பின்னாலேயே போனோம். நாலாம் அறையின் கதவை இழுத்துச் சாத்தினார், கழுத்துச் சாவியால் பூட்டினார், கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார். லாரி டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்தான்.

மாற்றுச் சாவி ஒன்று முதலாளியின் மேஜை டிராயரில் இருந்தது. அது அங்கே எல்லோருக்கும் தெரியும். எபெருக்கும் தெரியும். அன்செல்மோ படிக்கட்டின் நடுவில் ஒரு கையைக் கைப்பிடியில் வைத்தபடி நின்றார். மேலே போகலாம், கீழேயும் இறங்கலாம். பிறகு இறங்கி வந்து, "எந்திரி. கார்ல ஏறு" என்றார்.

எபெரின் வீடு ரயில்பாதைக்கு அந்தப் பக்கம், நானே ஓட்டினேன். மழை நாள் என்பதால் தெரு முழுக்கப் பொரித்த மாவு வாசனை. மிர்த்தாவும் வட்டவட்டமாகப் பணியாரம் பொரித்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தவர், கையில் மாவோடு, முதலாளியையும் அவருக்குப் பின்னால் நின்ற எங்களையும் பார்த்தார். உள்ளே வரச் சொல்லவில்லை.

"மிர்த்தா" என்றார் அன்செல்மோ. மழை அவர் காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. "எபெர் எடுக்கலைம்மா. பண்ணினது வேற ஆள். யாருன்னு தெரிஞ்சு போச்சு. பேரை என்னால சொல்ல முடியாது. எபெர்மேல ஒரு தப்பும் இல்லை, அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

மிர்த்தா புருஷனைப் பார்த்தார். பிறகு முதலாளியை.

"அது எனக்குத் தெரியாதா?" என்றார். "முப்பத்தாறு வருஷமா அவரோட படுத்து எந்திரிக்கறேன். என்கிட்ட சொல்லவா இவ்வளவு தூரம் நனைஞ்சுட்டு வந்தீங்க? காலையில ரொட்டிக்கடையில எனக்குச் சில்லறையைக் கையில குடுக்காம மேஜையில வெச்சாங்க. போய் அவங்ககிட்ட சொல்லுங்க அன்செல்மோ ஐயா."

அடுப்பில் எண்ணெய் புகைந்தது. அவர் உள்ளே போய்விட்டார். கதவு திறந்துதான் இருந்தது, ஆனால் உள்ளே போக எங்களுக்குக் கால் வரவில்லை.

காரில் அன்செல்மோ நிபியாவிடம் கேட்டார்: "நான் என்ன பண்றது?"

"யார் பண்ணினான்னு கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்" என்றார் நிபியா. "மிச்சம் உங்க வேலை."

நாங்கள் திரும்பியபோது ஷிஃப்ட் மாறும் நேரம். சாப்பாட்டு ஹாலில் இரண்டு ஷிஃப்ட்டும் சேர்ந்திருந்தது. முதலாளி தண்ணீர் சொட்டச் சொட்ட, பின்னால் எபெரோடு, உள்ளே வந்ததும் பேச்சு அடங்கிவிட்டது. மாடி அறையில் ஹார்ம்ஸ் லாரி கிளம்பும் சத்தத்துக்காகக் காத்திருந்தார்.

"எபெர் எடுக்கலை" என்றார் அன்செல்மோ. குரல் எழும்பவில்லை, ஒரு தடவை இருமிவிட்டுத் திரும்பவும் சொன்னார். "எபெர் எடுக்கலை. மூடியை மாத்தி வெச்சது ஹார்ம்ஸ். விலையைக் குறைக்கறதுக்காக. அவரே ஒத்துக்கிட்டார். இதைத்தான் ஹம்பர்க்குக்கும் சொல்லப் போறேன். நீங்களும் வெளியே போய்ச் சொல்லுங்க. ரொட்டிக்கடையில சொல்லுங்க."

யாரும் கைதட்டவில்லை. எலும்பு பிரிக்கும் பகுதியிலிருந்து ஒரு பெண், பெரிய உடம்பு, ரத்தக்கறை போகாத ஏப்ரன், எழுந்து கேட்டாள்:

"அப்ப திங்கட்கிழமை வேலை இருக்கா, அன்செல்மோ ஐயா?"

"தெரியாது" என்றார் அவர்.

நானூறு பேரும் எபெர் பக்கம் திரும்பினார்கள். நல்ல பெயர் திரும்பி வந்துவிட்டது. அதற்கான விலையை யார் யாரெல்லாம் கொடுக்கப் போகிறார்கள் என்று அந்த மனிதர் முகம் முகமாகப் பார்த்தார். அவர் வாய் கோணியது. காலையிலிருந்து கல்லாக இருந்த முகம் அது. எனக்கு நெஞ்சில் எங்கோ ஓரிடம் விண்ணென்று வலித்தது, பல மாதத்துக்குப் பிறகு வலித்தது, நான் கையை அங்கே வைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். எபெரை ஒரு நிமிஷம் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவனை முழங்கையால் இடித்து நகர்த்தினாள்.

"தெரியாதுன்னா தெரியாது, என்ன பண்றது" என்றாள். "எபெர், ஏன் நின்னுட்டே இருக்கீங்க? வந்து உக்காருங்க."